சொன்ன மறுநாள்

தம்பி,

போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னது முழுவதும் எனக்கு விளங்கியது. இதை முதலில் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் உன்னைச் சுகம் விசாரித்து, மருமகளாக வரப்போகிற மதுராவை விசாரித்து, நீ இருக்கிற லில் நகரில் மழையா என்று கேட்டு, கடைசியில் எழுத வந்ததை எழுதாமலே உறையை ஒட்டிவிடுவேன். நின்றுகொண்டு வாசிக்கிறாய் என்றால் உட்கார். மூன்று நாளாக இந்தக் கடிதத்தோடு மல்லுக்கட்டுகிறேன். ஒரு வரி எழுதுகிறேன், எழும்பிப்போய் அடுப்பைப் பார்க்கிறேன், அடுப்பில் ஒன்றும் இல்லை. யன்னலைத் திறக்கிறேன், பாலத்தின் மேலே மெற்றோ போகிறது, அது ஸ்டாலின்கிராட் ஸ்டேசன் பக்கம் போகிறதா, அங்கிருந்து வருகிறதா என்று பார்த்துவிட்டு மூடுகிறேன். வெள்ளிக்கிழமை கோயிலில் பிள்ளையாரை மூன்று முறை சுற்ற வேண்டியவள், எத்தனையாவது சுற்று என்று தெரியாமல் சுற்றிக்கொண்டே இருந்தேன். எதையும் எண்ணி வைக்கிற எனக்கு எண்ணிக்கை தவறியது அன்றுதான். பிரெஞ்சில் எழுதியிருந்தால் நீ ஒரே மூச்சில் வாசித்துவிடுவாய். தமிழில் என்றால் சனிக்கிழமை வகுப்பில் படித்ததை நினைத்து எழுத்துக்கூட்டி மெல்லத்தான் வாசிப்பாய். இந்தக் கடிதத்துக்கு அது நல்லது.

வீட்டுக்கு வந்ததும், மறக்குமுன், கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிவைத்தேன். இடது மார்பில் இருப்பது புற்றுநோய். சின்னது, வெள்ளெனவே கண்டுபிடித்தாகிவிட்டது. மூன்று கிழமைக்குள் வெட்டி எடுக்க வேண்டும். பிறகு கதிர்வீச்சு வைத்தியம். தலைமுடி கொட்டுகிற மருந்து தேவையா என்பது வெட்டிய பிறகுதான் தெரியும். நீ அவரிடம் கேட்டாய், ஒக்டோபரில் என் கலியாணம், அது முடியும் வரை பொறுக்கலாமா என்று. அவர் பேனையைக் கீழே வைத்தார். பொறுக்கச் சொல்லி நான் சொல்லமாட்டேன், ஆனால் முடிவு உங்கள் அம்மாவுடையது, அவரிடம் கேளுங்கள் என்றார். மொழிபெயர்க்க வேறு ஆளை ஒழுங்கு செய்யட்டுமா என்றும் கேட்டார். தேவையில்லை, நானே சொல்லுகிறேன் என்றாய். பிறகு என் பக்கம் திரும்பி, என் முகத்தைப் பார்க்காமல் என் கைப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்.

"கொழுப்புக் கட்டியாம் அம்மா. பா கிராவ், ஒண்டுமில்லை. கலியாணம் முடிய ஆறுதலா எடுக்கலாமாம்."

டொக்டர் என்னை நேராகப் பார்த்து, சரிதானா மதாம் என்று கேட்டார். நான் தலையாட்டினேன். ஆகவே உன் பொய்யில் பாதி என்னுடையது, உன்மேல் கோபிக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் வருகிற வியாழக்கிழமை திரும்பவும் டொக்டரிடம் ரொந்தேவூ இருக்கிறது, வெட்டுகிற நாளைக் குறிப்பதற்கு. அந்த அறையில் நீ ஒக்டோபருக்குப் பிறகு என்று சொன்னால், நான் மறுபடி தலையாட்டினால், நாம் இரண்டு பேரும் சேர்ந்து என் உயிரை வைத்துச் சூதாடியவர்கள் ஆவோம். அதற்கு முன் இது உன் கைக்கு வர வேண்டும்.

ஏன் அங்கேயே வாயைத் திறக்கவில்லை என்று கேட்பாய். சட்டையைக் கழற்றச் சொன்னபோது நீ சுவரின் பக்கம் திரும்பி, கை கழுவுவது எப்படி என்ற படத்தை மனப்பாடம் செய்வதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்குக் கூச்சத்தில் உடம்பு கூசியது, உனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். பிறகு நீ பொய் சொன்னபோது என் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாய். எனக்காகப் பயப்படுகிற பிள்ளையை அந்நிய ஆளின் முன்னால் பொய்யன் ஆக்க மனம் வரவில்லை. அது ஒரு காரணம். மற்றது பெரிய காரணம். நீ சொன்னது எனக்குப் பழகிய வசனம். பதினைந்து வருடத்துக்கு முன்னால், அதே மாதிரி ஒரு அறையில், அதே மாதிரி ஒரு கதிரையில் இருந்து, நான் சொன்ன வசனம் அது.

உனக்கு அப்போது பத்து வயது. வன்னியில் சண்டை முடிந்து அடுத்த வருடம் பரமண்ணை இங்கே வந்து சேர்ந்தார். அவருடைய தம்பி சிவம் உன் அப்பாவோடு ஒரே சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலை செய்தவர். பரமண்ணையை நீ ஒன்றிரண்டு தரம் கண்டிருப்பாய். மெலிந்த மனிதர், தேத்தண்ணீர் கொடுத்தால் குடித்த கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுத்தான் போவார். வயிற்றில் நோ என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது, எனக்குக் கொஞ்சம் பிரெஞ்சு தெரியும் என்று சிவம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அந்த நாளில் எனக்கு அதில் ஒரு பெருமை. லாச்சப்பலில் எங்கள் சனத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அக்காவைக் கூப்பிடு என்பார்கள், நானும் சாறியை மாற்றிக்கொண்டு புறப்பட்டுவிடுவேன். டொக்டர் ஈரலில் புற்று என்றார், முற்றிவிட்டது, சில மாதங்கள்தான் என்றார். நான் பரமண்ணையின் பக்கம் திரும்புவதற்குள் சிவம் என் காதோடு சொன்னார்.

"அக்கா, அண்ணைக்குச் சொல்லாதேங்கோ. அவர் பாக்க வேண்டியதெல்லாம் அங்கையே பாத்திட்டு வந்தவர்."

எனக்கும் அது தர்மமாகத்தான் பட்டது. கடவுளுக்குத் தெரிந்தால் போதும், ஆளுக்கு ஏன் என்று நினைத்தேன். ஈரலில் வீக்கமாம், மருந்து எடுத்தால் சரியாம் என்று சொன்னேன். பரமண்ணை என்னைக் கும்பிட்டார். "நீங்கள் இல்லாட்டி நான் என்ன செய்வன் தங்கச்சி" என்றார். அந்தக் கும்பிடு இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அவருடைய மனைவி ஊரில் இருந்தார். சண்டையின் கடைசி நாட்களில் காயப்பட்டு, இவர்களுக்கு முன்னமே வெளியே கொண்டுபோகப்பட்டவர். மகள் தகப்பனோடு நின்றுவிட்டாள். அவள் அங்கே செத்தபோது கூட இருந்ததும் அவளைப் புதைத்ததும் பரமண்ணைதான். எங்கே புதைத்தீர்கள் என்று மனைவி தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம், போனில் வேண்டாம், நேரில் சொல்கிறேன் என்பார். விசா சரிவந்து மனைவி வருவார், வந்ததும் சொல்லலாம் என்று இருந்தார். காலம் கிடக்கிறது என்று நம்பினார். அந்த நம்பிக்கையைக் கொடுத்தது நான். மருந்து எடுக்கிறேன் தங்கச்சி, ஏன் இன்னும் மெலிகிறேன் என்று கேட்டுக்கொண்டே நாலு மாதத்தில் போய்விட்டார். கடைசிக் கிழமை நினைவில்லை, பேச்சில்லை. மகள் கிடக்கிற இடமும் அவரோடு போய்விட்டது.

அதற்குப் பிறகு நான் யாருக்கும் மொழிபெயர்க்கப் போகவில்லை. எனக்குப் பிரெஞ்சு சரிவராது என்று சொல்லிவிட்டேன். சொல்லச் சொல்ல வாயும் மூடிக்கொண்டது. பிறகு எல்லாவற்றுக்கும் உன்னைத்தான் முன்னால் விட்டேன். பள்ளிக்கூடக் கூட்டம், பிரெபெக்தூரில் விசா அலுவல், மின்சாரக் கட்டணம், எல்லாம். வீட்டுக்குள் தமிழ்தான் என்று நான் போட்ட சட்டமும் எனக்கு வசதியாகப் போயிற்று. பத்து வயதுப் பிள்ளையைப் பெரியவர்களின் அறையில் கதிரை போட்டு இருத்தியது நான்தான். அங்கே என்ன சொல்லலாம், எதை விழுங்கலாம் என்று நீயாகவே படித்துக்கொண்டாய். உனக்கு அந்தப் பழக்கத்தைத் தந்தது நான் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்கிறேன்.

வாய்தான் மூடியது, காதும் கண்ணும் மூடவில்லை. என் பழைய டொக்டரை உனக்கு நினைவிருக்கும். "அம்மான்ரை செத்த டொக்டர்" என்று நீ பகிடி பண்ணுகிற புத்தகம். கீழ்வீட்டுக் கிழவி இறந்து வீட்டை ஒதுக்கியபோது படிக்கட்டடியில் பெட்டி பெட்டியாகப் புத்தகங்கள் வைத்திருந்தார்கள். அதில் ஒன்றின் அட்டையில் ஒரு வைத்தியர் நோயாளியின் பக்கத்தில் சின்ன முக்காலியில் உட்கார்ந்திருந்த படம். அதற்காகவே எடுத்தேன். நாளுக்கு ஒரு பக்கம், அகராதியோடு, சோறு வேகும் நேரத்தில். முதல் தரம் முடிக்க இரண்டு வருடம் போனது. இப்போது அகராதி வேண்டியதில்லை. நீ லில்லுக்கு வேலைக்குப் போன பிறகு வானொலியும் பிரெஞ்சில்தான் கேட்கிறேன். இதை உனக்குச் சொல்லாமல் வைத்திருந்ததில் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. அதற்கும் மன்னித்துக்கொள்.

அந்த வைத்தியரின் பெயரை எழுதமாட்டேன், நான் எழுதுகிற விதத்தைப் பார்த்து நீ சிரிப்பாய். இந்த நாட்டில் அரசனை இறக்குவதற்கு முன்னால், பதினெட்டாம் நூற்றாண்டில், நாட்டின் நடுப்பகுதியில் ஒரு சின்ன ஊரில் தோல் பதனிடுகிற ஒருவரின் மகனாகப் பிறந்தவர். நாறுகிற வீட்டுப் பிள்ளை என்று கூடப் படித்தவர்கள் தள்ளி இருந்தார்களாம். வைத்தியம் படித்துவிட்டுப் பெரிய ஊரில் நிற்காமல் திரும்பி வந்தார். குதிரைக்குப் பயம் அவருக்கு. வைத்தியர் என்றால் குதிரையில் வர வேண்டும், இவரோ சேற்றில் நடந்து, மூச்சிரைக்க நோயாளி வீட்டுக்கு வந்து சேர்வார். நின்று பேச முடியாமல் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்வார். அப்படி உட்கார்ந்தால் சனங்கள் கூடுதலாகப் பேசுகிறார்கள் என்று பிறகுதான் கண்டுபிடித்தார். அவருடைய முதல் தர்மமே களைப்பில் வந்தது என்பதால் எனக்கு அவரைப் பிடித்தது. காய்ச்சல் இறங்கும் வரை யாரிடமும் எதுவும் வாங்கமாட்டார், பயந்த கை அளவுக்கு மிஞ்சிக் கொடுத்துவிடும் என்பது அவர் எண்ணம். சீமானும் செருப்புத் தைக்கிறவனும் ஒரே நாளில் ஆள் அனுப்பினால் முதலில் ஆள் வந்த வீட்டுக்குத்தான் முதலில் போவார். பெரிய பக்திமான். ஆனால் நோயாளியின் முன்னால் முழந்தாள் போடமாட்டார், டொக்டரே கும்பிடுகிறார் என்றால் நம்பிக்கை போய்விட்டது என்று நினைப்பார்கள் என்று வாசலுக்கு வெளியே கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

அவரும் பிழை விட்டவர். ஒரு நெசவுக்காரப் பெண்ணுக்கு, தம்பி, எனக்கு வந்த அதே இடத்தில் கட்டி வந்தது. அந்தக் காலத்து முறைப்படி வைத்தியர் புருஷனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். புருஷன் அவளிடம் கெட்ட நீர் கட்டியிருக்கிறது, கரைந்துவிடும் என்றான். அவள் நம்பினாள். கோபித்துக்கொண்டு கன்னியர் மடத்துக்குப் போய்விட்ட ஒரே மகளுக்கு, சுகமானதும் போய்ப் பார்க்கலாம் என்று கடிதம்கூடப் போடாமல் இருந்தாள். எழும்ப முடியாமல் கிடந்தபோதுதான் அவளுக்கு விளங்கியது. அன்று வந்த வைத்தியரிடம், என் சாவை ஏன் இன்னொருவரிடம் கொடுத்து வைத்தீர்கள் என்று கேட்டாளாம். மகள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் பக்கத்தை வாசித்த அன்று சோறு கரிந்தது. நீ பள்ளிக்கூடத்தால் வந்து, என்ன மணக்கிறது என்று கேட்டாய்.

மறுநாளே பரமண்ணையின் மனைவிக்குப் போன் எடுத்தேன். நடந்ததை முழுவதும் சொன்னேன். தான் சாகப்போவது அவருக்குத் தெரியாது, தெரியவிடாமல் செய்தது நான் என்று சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு கோழி கத்தியது கேட்டது. பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப தெரிஞ்சிருந்தா அவர் அந்த இடத்தைச் சொல்லியிருப்பார், என்னக்கா?"

நான் ஓம் என்றேன். போனை வைத்துவிட்டார். உண்மையைச் சொல்லிவிட்டேன், பாரம் இறங்கிவிட்டது என்று நான் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் கொளுத்தினேன். எனக்குத்தான் இறங்கியது. அந்த மனுசி அதைத் தூக்கிக்கொண்டு அந்த இரவை எப்படிக் கழித்தாரோ. அடுத்த நாள் எடுத்து, எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். பயத்தில் எடுக்கவில்லை. அடுத்த கிழமை எடுப்போம் என்று விட்டேன், அடுத்த மாதம் ஆனது, அந்த இலக்கம் இல்லாமல் போனது. பொய் சொன்னது என் முதல் பிழை. உண்மையைச் சொல்லிவிட்டு ஓடியது இரண்டாவது.

இதுவும் வைத்தியருக்கு நடந்ததுதான், ஆனால் நான் அந்த அத்தியாயத்துக்கு அப்போது வந்திருக்கவில்லை, ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வாசிக்கிறவளின் தலைவிதி. நெசவுக்காரிக்குப் பிறகு அவர் உண்மையைச் சொல்வதில் மும்முரமாகிவிட்டார். ஒரு ரொட்டி சுடுகிறவனுக்கு, அடுத்த வீட்டுக்குப் போகிற அவசரத்தில், வாசலில் நின்றபடி, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, உன் சுவாசப்பை போய்விட்டது என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். அந்த மனிதன் அடுப்பை அணைத்தான். பிறகு எரிக்கவேயில்லை. சாப்பிடவும் இல்லை. நோய் கொல்ல ஒரு வருடம் எடுத்திருக்கும், அவன் ஒரு மாதத்தில் போனான். அதற்குப் பிறகுதான் வைத்தியர் தனக்கென்று ஒரு ஒழுங்கை வைத்துக்கொண்டார். உட்கார வேண்டும். உனக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்க வேண்டும், அநேகமாக அவர்களுக்குப் பாதி தெரிந்திருக்கும். எவ்வளவு கேட்க விருப்பம் என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லவும் நோயாளிக்கு உரிமை உண்டு, ஆனால் அதை அவன் வாயால் சொல்ல வேண்டும், அவனுக்காக வேறொருவர் சொல்ல முடியாது. சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சொன்ன மறுநாள் காலை, அழைத்தாலும் அழைக்காவிட்டாலும், திரும்பிப் போக வேண்டும். மறுநாள் போக முடியாத உண்மையை இன்றைக்குச் சொல்லாதே என்பது அவர் தன் மாணவர்களுக்குச் சொன்னது. கிழவரான பிறகு பனியிலும் நடந்து போயிருக்கிறார். போய்ச் சில வேளை ஒன்றும் பேசமாட்டாராம், விறகை அடுப்பில் போட்டுவிட்டு வருவாராம்.

ஏன் இதையெல்லாம் உனக்கு எழுதுகிறேன். வியாழக்கிழமைக்காக மட்டும் இல்லை. முந்தாநாள் மதுரா போன் எடுத்தாள். "மாமி, கலியாணச் சாறிக்குச் சட்டை தைக்கக் குடுக்கோணும், உங்கடை அளவு என்ன" என்று கேட்டாள். குரலில் ஒரு கலக்கமும் இல்லை. அப்போதே எனக்கு விளங்கியது, அவளுக்கும் நீ சொல்லவில்லை. நான் அளவுநாடாவை எடுத்து, கண்ணாடி முன்னால் நின்று, அளந்து சொன்னேன். ஒக்டோபரில் அந்த அளவு சரியாக இராது என்பது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், தைக்கப்போகிற பிள்ளைக்குத் தெரியாது. இப்படித்தான் தம்பி, ஒரு பொய்க்கு எத்தனை பேர் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. நீ ஒரு வீட்டைத் தொடங்கப்போகிறாய். உன் அப்பா வேலைக்குப் போன வழியில் விழுந்து செத்துப்போனார், எங்களுக்கு உண்மை சொல்லவும் நேரம் கிடைக்கவில்லை, பொய் சொல்லவும் கிடைக்கவில்லை. அந்தப் பயத்தில்தான் நீ என்னைப் பொத்திப் பொத்தி வைக்கிறாய். விளங்குகிறது. ஆனால் பொத்தி வைக்கிற ஆளோடு யாரும் பேச மாட்டார்கள், அவரைச் சுற்றித்தான் பேசுவார்கள். அந்தப் பெண்ணை அப்படி வைத்திருக்காதே. அவளுடைய கெட்ட செய்தி அவளுடையது. அதை அவளுக்கு முன்னால் நீ திறந்து பார்க்காதே.

என் முடிவு இது. மூன்று கிழமைக்குள் வெட்டட்டும். கலியாணத்துக்கு நான் மொட்டைத் தலையோடு வந்தால், அக்கா திருப்பதிக்கு நேர்த்தி வைத்தவவாக்கும் என்று சனம் பேசட்டும். மணவறைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கதிரை போட்டால் போதும். சட்டையை மறுபடி தைக்கலாம். நாளை மாற்ற வேண்டாம், மண்டபத்தை மாற்ற வேண்டாம். பயமா என்று கேட்டால், ஓம், பயம்தான். வைத்தியரின் புத்தகத்தில் எங்கும் பயப்படாதே என்று ஒரு வரி இல்லை, நானும் தேடிப் பார்த்தேன். பிள்ளையாரிடம் சுகத்தைத் தா என்று கேட்டேன், அது பொய் இல்லை. கூடவே வியாழக்கிழமை என் நாக்கைத் தா என்றும் கேட்டேன். அந்த அறையில் நீ என் பக்கத்தில் இரு. மொழிபெயர்க்க வேண்டாம், மகனாக இரு. அந்த டொக்டரிடம் நானே பேசுவேன், இலக்கணம் பிழைத்தால் நீ திருத்தாதே.

நாளை திங்கட்கிழமை காலை இதைத் தபாலில் போடுகிறேன். செவ்வாய் உன் கைக்கு வந்துவிடும் என்று தபால்கந்தோர்ப் பெட்டை நேற்றுச் சொன்னாள். வாசித்துவிட்டு உடனே போன் எடுக்காதே, அழுகிற குரலை இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டி வரும். மதுராவிடம் போ, அவளிடம் சொல். இன்றைக்கு மத்தியானம், உட்கார முடியாமல், கார் து நோர் வரைக்கும் நடந்தேன். எந்த நாளும் மரக்கறிப் பையோடு கடந்துபோகிற ஸ்டேசன், அதற்குள் டிக்கெட் வாங்க நான் தனியே வரிசையில் நின்றதில்லை. யன்னலில் இருந்தவரிடம் பிரெஞ்சில் கேட்டேன், லில்லுக்கு, புதன்கிழமை காலை, முதல் ரயில். அவர் சிரிக்கவில்லை. யன்னல் பக்கமா, நடைபாதைப் பக்கமா என்று திருப்பிக் கேட்டார்.

புதன் காலை எட்டரைக்கு உன் கதவைத் தட்டுவேன். நீ அழைக்க வேண்டியதில்லை. முக்காலி இருந்தால் எடுத்து வை.

அம்மா